சீட்டில் விழுந்த ஊர்

விவாத மேடையில் ஏறுகிறவருக்குத் தன் பக்கத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை கிடையாது. ஒரு தட்டில் இரண்டு சீட்டுகளை மடித்துப் போடுவார்கள். கை நீட்டி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த சீட்டில் எது எழுதியிருக்கிறதோ, அடுத்த அரை மணி நேரத்துக்கு அதுவே நம்முடைய வாழ்நாள் கொள்கை. கண்டிக்கு மேலே பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கணக்கெழுதும் கிளாக்கரின் ஒரே மகளாக வளர்ந்த நான், பதினெட்டு வயதுக்குள் சீதனத்தை எதிர்த்து ஒரு முறையும், தொலைக்காட்சியை ஆதரித்து இரண்டு முறையும், அதே தொலைக்காட்சியை எதிர்த்து ஒரு முறையும் பேசி வென்றிருந்தேன். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அந்த ஆண்டுகள் முழுவதும் பழுதாகித் துணி போர்த்திக் கிடந்தது.

பாடசாலையில் என்னுடைய கடைசி விவாதத்தின் தலைப்பு, 'வாழ்வதற்கு ஏற்றது தோட்டமா, நகரமா?' மண்டபத்தின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெற்றோருக்கென்று போட்ட கதிரைகளில் மூன்றாம் வரிசையில், யன்னலோரமாக, அப்பா அமர்ந்திருந்தார். தட்டு என் முன்னால் வந்தது. எடுத்த சீட்டில், உருண்டை உருண்டையான நிதானமான எழுத்தில், 'நகரம்' என்றிருந்தது. எழுத்தை யார் பார்த்தார்? நான் சொல்லைத்தான் பார்த்தேன். அந்தக் கணமே நான் நகரத்தின் மகளானேன்.

"நடுவர் அவர்களே, நடுவே ஏரி ஒன்றைக் கொண்ட நகரம், ஒவ்வொரு காலையும் முகம் கழுவிக்கொண்டு எழுகின்ற நகரம்! கண்டி ஏரிக்கரையில் நின்று ஒருமுறை கையை நீட்டிப் பாருங்கள். அந்தக் கையில் ஒரு வேலை வந்து விழாமல் போகாது!"

இதைச் சொன்னபோது நான் கையையும் நீட்டினேன். மழையையும் மீறிக் கைதட்டல் எழுந்தது. அதுவரை நான் கண்டி ஏரியைப் பார்த்தது நான்கே முறை. மூன்று முறை பஸ்ஸிலிருந்து. ஒரு முறை அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது, எதிர்ப்பக்கத்து நடைபாதையிலிருந்து. அந்த ஏரியைக் காட்டித்தான் வென்றேன். தோட்டத்தின் பக்கம் பேசிய பிள்ளை, தன் வீட்டுக் கொய்யா மரத்தைப் பற்றி நா தழுதழுக்கச் சொன்னாள். அவளுக்கு இரண்டாம் இடம். இரண்டே பேர்தான் போட்டியிட்டிருந்தோம்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அப்பா ஓய்வு பெற்றார். தோட்டத்தில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. குவாட்டர்ஸின் சாவியை அடுத்த கிளாக்கரிடம் கொடுத்துவிட்டு எங்கே போவது என்பது, எங்கள் சாப்பாட்டு மேசையில் தினமும் பரிமாறப்பட்ட கேள்வியாயிற்று. அம்மாவிடம் விடை தயாராக இருந்தது. கலவரம் ஒன்றுக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி வவுனியாவில் குடியேறிய அவருடைய அண்ணன், கிணற்றோடு ஒரு வீடு காலியாக இருக்கிறது, வாருங்கள் என்று அழைத்துக்கொண்டே இருந்தார். அப்பாவிடமும் ஒரு விடை இருந்தது. அது என்னுடைய குரலில் இருந்தது.

"கண்டிக்கே போவோம். பாப்பா சபையில சொல்லுச்சே, கேக்கலயா நீ? கைய நீட்டுனா வேல வந்து விழுகுமாம்."

"விழுகும் விழுகும்," என்றார் அம்மா. "அந்த ஏரிக்கரையில காக்கா எச்சம்தான் விழுகும். எங்கண்ணன் கெணத்தோட வீடு தர்றேங்குறாரு. ஒங்க ஏரியில ஒரு கொடம் தண்ணி மொள்ள விடுவாங்களா?"

"படிச்ச புள்ள, காரணம் இல்லாமயா சொல்லும்?"

"ஆமா, பரிசு குடுத்தாங்க, சொல்லுச்சு."

அம்மா எதிர்ப்பக்கத்தில் பேசியிருந்தால் எனக்கு அந்தக் கோப்பை கிடைத்திருக்காது. அந்த மேசையிலேயே நான் எழுந்து, 'அது சீட்டில் வந்த பக்கம். எனக்கும் அந்தக் கருத்துக்கும் உறவில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பேச்சைக் கேட்டுப் பலர் கைதட்டியிருக்கிறார்கள். ஒருவர் குடிபெயரத் துணிந்தது அதுதான் முதல் முறை. அந்த வெற்றியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

லொறி வத்தேகம வழியாக இறங்கியது. கட்டிலும் அலுமாரியும் பின்னால் ஆடிக்கொண்டு வந்தன. அம்மா முன்னிருக்கையில் மண்ணெண்ணெய் அடுப்பை மடியில் வைத்தபடி, வளைவுக்கு வளைவு அண்ணனின் பெயரை முணுமுணுத்தபடி வந்தார். எங்களுக்கு வீடு பிடித்துத் தந்த தரகர் அதை 'ஏரி தெரியும் வீடு' என்றுதான் விவரித்திருந்தார். ஏரிக்கரையிலிருந்து தொண்ணூற்றுச் சொச்சம் படிகள் ஏறினால், இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட அந்த வீடு இருந்தது. தரகர் பொய் சொல்லவில்லை. பின்புறத்தில் துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி நின்று, இரண்டு கூரைகளுக்கும் ஒரு பலாமரத்துக்கும் இடையே கண்ணைச் செலுத்தினால், கைக்குட்டை அகலத்தில் ஏரி தெரிந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா முதலில் அவரைத் துவைகல்லுக்கு அழைத்துப் போவார்.

அம்மா ஒரு மூட்டையை மட்டும் அவிழ்க்கவில்லை. பெரிய பாத்திரங்களையும் நல்ல போர்வைகளையும் சாக்கில் திணித்து, புதுத் தேங்காய்நார்க் கயிற்றால் எட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டிய மூட்டை அது. அறையின் மூலையில், விருந்தாளி போல, சுவரில் சாய்ந்திருந்தது.

"எப்படியும் திரும்பக் கட்டணும். எதுக்கு அவுக்கணும்?" என்றார். பின்பு என் பக்கம் திரும்பித் தீர்ப்பை வாசித்தார். "ஆகஸ்ட்ல வர்ற பெரஹரா ஊர்வலம் முடியிற வரைக்கும்தான். அதுக்குள்ள இந்த ஊரு ஒனக்கு ஒரு வேல குடுக்கலன்னா வவுனியா. ஒங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

அந்த மாதங்களின் கண்டியை இப்போது நினைத்தால், முதலில் நினைவுக்கு வருவது காலை நேரத்து ஏரிதான். பஸ்கள் இரையத் தொடங்குவதற்கு முன், தண்ணீரின்மேல் ஒரு மெல்லிய ஆவி எழும். மேகச் சுருள்போல் வெட்டிய வெள்ளை மதிலின்மேல் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். கபரகொய்யா என்னும் நீருடும்பு ஒன்று, வரி கட்டும் குடிமகனின் நிதானத்தோடு, கரையேறி நடைபாதையைக் கடந்து போகும். ஹந்தானை மலையின் தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து புகை எழுவதைப் பார்த்தால், நாங்கள் விட்டு வந்த அடுப்புகளே அங்கே எரிவதாகத் தோன்றும். பிறகு மழை வரும். மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் மழை, பாலத்தடியில் வெயில் என்று, அந்த ஊர் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பேசும்.

ஆனால் வேலை? வேலைகள் இருந்தன. எல்லாம் வந்து போகிறவர்களுக்கானவை. வந்து தங்கிவிட்டவர்களுக்கு அதில் இடம் குறைவு. மாணிக்கக் கல் விற்கும் கடையில் ஜேர்மன் மொழி தெரியுமா என்று கேட்டார்கள். துணிக்கடையில் சிங்களம் பேசுவீர்களா என்று கேட்டார்கள். பன்மொழிப் புலமையின் அவசியம் குறித்து நான் தமிழில் விரிவாகப் பதிலளித்தேன். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப தெரியாது," என்றார். விருந்தினர் விடுதியொன்றில் என்னைப் பிடித்துப் போயிற்று. ஆனால் சீசன் முடிந்ததும் நிறுத்திவிடுவோம், அடுத்த சீசனுக்கு மறுபடி வந்து கேளுங்கள் என்றார்கள். ஊரே அப்படித்தான் மூச்சு விட்டது. சில மாதங்கள் உள்ளே இழுக்கும். பிறகு எல்லோரையும் வெளியே விட்டுவிடும்.

ஒவ்வொரு மறுப்போடும் நான் தொண்ணூற்றுச் சொச்சம் படிகள் ஏறினேன். மேலே போனால் மூலையில் அந்த மூட்டை காத்திருக்கும்.

அப்பா மட்டும் நாளுக்கு நாள் சுறுசுறுப்பானார். காலையில் குடையும் கோப்பும் எடுத்துக்கொண்டு, "வாசிகசாலைக்குப் போயிட்டு வர்றேன்," என்று இறங்குவார். மாலையில் முகம் கறுத்து, குரல் கம்மி, நல்ல பசியோடு வருவார். வாசிகசாலையில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பவருக்கு எப்படி வெயில் படுகிறது என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள், வேலை தேடி அலைந்து திரும்பும் வழியில், ஏரிக்கரைப் பாதையில் விசில் சத்தம் கேட்டது. சுற்றுலாப் பஸ் ஒன்று குறுகிய வாசலுக்குள் பின்னோக்கி நுழைந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் காக்கிச் சட்டையும் வாயில் விசிலுமாக நின்றவர் என் அப்பா.

"வரட்டும், வரட்டும்... வலப்பக்கம் ஒடிங்க... இன்னும் ஒடிங்க... போதும்! போதும்யா! மதில் என்னா ஒங்க மாமியார் வீடா?"

நான் ஒரு மரத்தின் பின்னால் ஒதுங்கினேன். தோட்டத்தில் கிளாக்கரையா நடந்து வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நிற்பார்கள். அலுவலகத்தில் அவர் பேசும் குரல் பக்கத்து மேசைக்குக் கேட்காது. அந்த மனிதர் இங்கே, ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தோடு உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார். நான் நீட்டச் சொன்ன கையில் விழுந்த வேலை இதுதான் என்று எண்ணினேன். நான் எடுத்த ஒரு துண்டுக் காகிதம் என் அப்பாவை இந்த வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

அன்றிரவு அவரிடம் எதுவும் கேட்க எனக்குத் துணிவில்லை. அவர்தான் மறுநாள் காலையில், அம்மா குசினியில் இருந்தபோது, மெதுவாகச் சொன்னார். "மரத்துக்குப் பின்னால நின்ன மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு எங்கூட வா. முதலாளி ஒன்னைய பாக்கணுங்குறாரு."

முதலாளி பல தலைமுறையாகக் கண்டியில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தவர். அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்றே அழைத்தோம். கீழே பெரிய சாப்பாட்டு மண்டபமும், மேலே பாய் விரித்துப் படுக்கும் அறைகளுமாக, சுற்றுலாப் பஸ்களுக்கான தங்குமிடம் அவருடையது. போர் முடிந்து வடக்குப் பாதை திறந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. அந்தப் பக்கத்துப் பஸ்கள் கண்டி, நுவரெலியா, கதிர்காமம் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தன. கதிர்காம யாத்திரைக்காரர்கள் மாமிசம் சேராத மரக்கறிச் சாப்பாடுதான் சாப்பிடுவார்கள். நானா அதற்கென்று தனிக் குசினி, தனிச் சமையற்காரர், தனிச் சட்டி பானை எல்லாம் வைத்து, வாசலில் பலகையும் எழுதி மாட்டியிருந்தார்.

"போர்டெ யாரும் நம்புறல்ல மகள்," என்றார் நானா. "மனிசர் வாயால செல்லோணும். ஒங்கட அப்பா செல்றார், நீங்க பேசினா ஊரே எழும்பி வருமாம். இங்க மேடையெல்லாம் இல்ல. பஸ்ஸுப் படி ஒண்டுதான் ஈக்கி. அதுல ஏறி, வணக்கம் செல்லி, ஏரியப் பத்திக் கொஞ்சம் கதெ செல்லி, சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வாங்கோ. பெரஹரா வரைக்கும் பாப்போம். சரிவந்தா இருங்கோ."

பரிசுக் கோப்பைகள் வென்ற நாவை பஸ்ஸின் படியில் நின்று சோற்றுக்கு ஆள் கூப்பிடப் பயன்படுத்துவதா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. பக்கத்தில் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அப்பா நின்றார். நான் சரி என்றேன். அம்மாவிடம் என் வேலையை மட்டும் சொன்னோம், அப்பாவின் விசிலைச் சொல்லவில்லை.

முதல் சில பஸ்கள் நன்றாகவே போயின. நான் படியில் ஏறி நின்று, கடைசி அரசன் இந்த ஏரியை வெட்டிய கதையைச் சொல்வேன். பயணக் களைப்பில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். பிறகு கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து அந்தப் பஸ் வந்தது.

முன்வரிசையில் அறுபதைக் கடந்த ஓர் அம்மா அமர்ந்திருந்தார். வெயிலில் காய்ந்த கைகள்; மடியில் ஒரு துணிப்பை. நான், "இப்போது நீங்கள் காணும் இந்த நீர்ப்பரப்பு, ஒரு காலத்தில் வயலாக இருந்தது," என்று தொடங்கியதும் அவர் கையை உயர்த்தினார்.

"பொறு பிள்ளை. வயலை மூடியோ குளம் கட்டினவன்?"

"ஆமாங்கம்மா."

"இந்தத் தண்ணி எந்த வயலுக்குப் பாயுது?"

"எதுக்கும் பாயலங்கம்மா. இது அழகுக்கு."

அவர் பின்னால் திரும்பி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "கேட்டியளே? நாங்கள் வயலுக்கெண்டு குளம் கட்டுறனாங்கள். இஞ்ச வயலை மூடிக் குளம் கட்டிப்போட்டு, அதைப் பாக்கச் சனம் காசு குடுத்து வருகுது!"

பஸ் முழுவதும் சிரித்தது. அவர் பகையோடு சொல்லவில்லை. விவசாயியின் வேடிக்கை அது. நானும் சிரித்துவிட்டு, சாப்பிட வாங்க என்று அழைத்திருந்தால் போதும். ஆனால் எதிர்த்தரப்பு ஒரு கைதட்டலை வாங்கிவிட்டது. பதில் சொல்லாமல் இறங்கும் பழக்கம் எனக்கு இருக்கவில்லை. விரல் விட்டு எண்ணி மூன்று காரணங்கள் சொன்னேன். நாலாவதை, குரலை ஏற்றி, கேள்வியாகக் கேட்டேன். தோற்றுக்கொண்டிருக்கும் சபையைத் திருப்புவதற்குக் கேள்வியைப் போல ஆயுதம் இல்லை என்று நாங்கள் பழகியிருந்தோம்.

"வயலுக்காகக் கட்டுன கொளம் எல்லாம் ஒங்கள ஒங்க ஊர்லயே வச்சிருந்திச்சாங்கம்மா?"

சிரிப்பு நின்றது. அந்த வாக்கியம் என் வாயைவிட்டுப் போன பிறகே, அது யாரிடம் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அவர்கள் எல்லோரும் ஊரைவிட்டு ஓடி, முகாமில் இருந்து, திரும்பிப் போய், முதல் விளைச்சல் பார்த்துவிட்டு நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள். அந்த அம்மா மடியிலிருந்த துணிப்பையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"இல்லைப் பிள்ளை," என்றார். "வைச்சிருக்கேல்லை."

யாரும் இறங்கவில்லை. சாரதி எதுவும் கேட்காமல் பஸ்ஸை எடுத்தார். அப்பா விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை.

நானா மண்டபத்தின் வாசலில் நின்று நடந்ததை எல்லாம் கேட்டிருந்தார். உள்ளே நீள மேசையில் வாழை இலைகள் போட்டபடி கிடந்தன.

"நீங்க வென்டுட்டீங்க மகள்," என்றார். "எனக்கிட்ட நாப்பது எலெச் சோறு ஈக்கி."

அன்று மாலை அப்பாவும் நானும் ஏரியைச் சுற்றி நடந்து வந்தோம். கண்டியில் பொழுது சாயும் நேரத்தில், ஊரிலுள்ள காகங்கள் அத்தனையும் ஏரிக்கரை மரங்களுக்கு வந்து சேரும். ஊர்க்காரர்கள் அந்த நேரத்தில், மழை ஒரு துளி இல்லாவிட்டாலும், குடையை விரித்துக்கொண்டு மரத்தடியில் நடப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்து, சில நிமிடங்களில் சிரிப்பை நிறுத்துவார்கள். அப்பா குடையை விரித்தார். அதன்மேல் பொத்பொத்தென்று விழுந்தது.

"ஒங்கம்மா சொன்னது விழுகுது," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் சில வாரங்களில் பெரஹரா. நானா இனி என்னைக் கூப்பிடமாட்டார். மூட்டை கட்டியபடியே இருந்தது. இனிமேலும் மறைப்பதில் பயனில்லை என்று நினைத்தேன்.

"அப்பா, அன்னைக்கு நான் ஸ்கூல்ல பேசுனது சீட்டுல வந்ததுப்பா. தோட்டம்னு வந்திருந்தா தோட்டத்தத்தான் பேசிருப்பேன். ஏரியில வேல கெடைக்கும்னு எனக்கு என்னா தெரியும்? அத நம்பி நீங்க..."

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"சீட்டுன்னு தெரியும். அந்தச் சீட்ட எழுதுனதே நான்தான். அதிபர், ஐயா எழுத்து முத்து மாதிரி இருக்கும், எழுதிக் குடுங்கன்னாரு. ரெண்டையும் ஆபீஸ்ல வச்சு எழுதிக் குடுத்தேன்."

உருண்டை உருண்டையான அந்த எழுத்து எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் பாடப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் ஆண்டுதோறும் என் பெயரை எழுதிய எழுத்து.

"அப்ப எதுக்குப்பா 'பாப்பா சொல்லுச்சு, பாப்பா சொல்லுச்சு'ன்னு...?"

அவர் சில அடிகள் நடந்தார். "முப்பது வருஷமா தொர சொன்னத எழுதுனேன். எனக்குன்னு ஒரு சொல்லு சொல்லிப் பழக்கமில்ல. மாசா மாசம் பேங்குக்கு வரும்போது இந்த ஏரிய ஒரு சுத்து சுத்திட்டுத்தான் பஸ் ஏறுவேன். ரிட்டயர் ஆனா இங்க இருக்கணும்னு ஆச. ஒங்கம்மாகிட்ட அதக் கேக்க அஞ்சு வருஷமா வாய் வரல. நீ சபையில கைய நீட்டிச் சொன்ன. நான் அதப் புடிச்சிக்கிட்டேன்."

"தோட்டம்னு சீட்டு வந்திருந்தா?"

"எதிர்ப்பக்கத்துப் புள்ளதான் நல்லாப் பேசுச்சுன்னு சொல்லிருப்பேன்."

எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. ஒரு குடும்பத்தையே என் நாவால் பெயர்த்துவிட்டேன் என்று ஆறு மாதமாக நான் சுமந்த குற்றத்தில் பாதி கர்வம் என்பது அந்தக் குடைக்கடியில் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. மரத்தின் பின்னால் நின்று பார்த்தபோது நான் அப்பாவின் காக்கிச் சட்டையை மட்டும் பார்த்தேன். அவர் குரல் உயர்த்திப் பேசிக்கொண்டிருந்ததை, அதுவும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்ததை, பார்க்கத் தவறிவிட்டேன்.

மறுநாள் நானாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை அனுப்பிவிடவுமில்லை, பஸ்ஸில் ஏற்றவுமில்லை. "உள்ளுக்கு எல போடுங்கோ. வாயெக் கொஞ்சம் ஆற வைப்போம்," என்றார். நான் இலை போட்டேன். தண்ணீர் வைத்தேன். பரிமாறும்போது மனிதர்கள் சொல்வதைக் கேட்டேன். பதில் சொல்ல வேண்டிய தேவையில்லாமல் பிறர் பேச்சைக் கேட்டது அதுதான் எனக்கு முதல் தடவை.

ஒரு வாரம் கழித்து, மதிய வேளையில், விசில் சத்தம் நீளமாகக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அதே கிளிநொச்சிப் பஸ். கதிர்காமம் போய்த் திரும்புகிற வழி. முன்கண்ணாடியில் காய்ந்த மாலை. வேறு எங்கும் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று சாரதி சொல்ல, அப்பா அதைப் பின்னோக்கி வாசலுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். நானா என்னைப் பார்த்தார்.

"போங்கோ மகள். படியில ஏற வேணாம். கீழ நின்டு பேசுங்கோ."

முன்வாசலில் அந்த அம்மா இறங்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு. நான் கைநீட்டி அவருடைய பையை வாங்கிக்கொண்டேன்.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னதத் திருப்பி எடுத்துக்கிறேங்கம்மா."

"ஏன்? நீ சொன்னது பொய்யே?"

"பொய்யில்லங்கம்மா. சொல்லியிருக்கக் கூடாது."

"ம்," என்றார். முழங்காலைத் தடவியபடி மதிலோரம் நின்று ஏரியைப் பார்த்தார். பிறகு கேட்டார், "நீ பிறந்து வளந்தது இஞ்சையோ?"

"இல்லங்கம்மா. மேல பன்வில பக்கம் தோட்டம். அப்பா ரிட்டயர் ஆனதும் வீட்ட விடச் சொல்லிட்டாங்க. இந்த வருஷந்தான் இங்க வந்தோம்."

"அப்ப நீங்களும் ஊரைவிட்டு எழும்பி வந்த ஆக்கள்தான். இருக்கிறதுக்கு நல்லமோ?"

அது நான் பரிசு வாங்கிய தலைப்பு. மணி அடிக்க யாருமில்லை, சீட்டும் இல்லை. எந்தப் பக்கம் தொடங்குவது என்று தெரியாமல், வாயில் வந்த வரிசையில் சொன்னேன்.

"வேல கொறவுங்கம்மா. நான் தேடாத எடம் இல்ல. மழ கூட. வாரத்துல மூணு நாளு எங்க வீட்டு ஒசரத்துக்குத் தண்ணி ஏறாது. பெரஹரா முடிஞ்சா ஊரே காலின்னு சொல்றாங்க, இனிமேதான் பாக்கணும். அம்மாவுக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது, நாள் முழுக்கத் தனியாத்தான் இருக்காங்க. அந்தா விசிலோட நிக்கிறாரே, அவருதான் எங்கப்பா. தோட்டத்துல இருந்தப்ப அவரு கூட நான் ஒரு நாளும் நடந்ததில்ல. இங்க சாயங்காலம் ரெண்டு பேரும் ஏரியச் சுத்தி வீட்டுக்கு நடந்து போறோம். எனக்குப் புடிச்சிருக்குங்கம்மா."

அந்த அம்மா தலையை ஆட்டினார். "அப்ப இருக்கலாம்," என்றார். பிறகு பஸ்ஸைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இறங்குங்கோ எல்லாரும்! பிள்ளை சோறு போடப் போறாள். பசிக்குதெல்லே!"

அவர்கள் இறங்கினார்கள். நான் பையோடு திரும்பியபோது, வாசல் தூணருகே என் அம்மா நின்றிருந்தார். அன்று அப்பா சாப்பாட்டை மறந்து வந்திருந்தார். அம்மா தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தார். அப்பா வாசிகசாலையில் இல்லை என்பது அம்மாவுக்கு எத்தனை நாளாகத் தெரியுமோ, எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்பதும் தெரியவில்லை. காக்கிச் சட்டையோடு நின்ற அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"வாசிகசாலையில விசிலெல்லாம் அடிக்க விடுறாங்களா?" என்றார். "சோறு ஆறுது. வந்து தின்னுங்க."

பெரஹரா வந்தது, போனது. ஊர் காலியானது. நானா என்னை இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஓரிரு பஸ்களே வந்த அந்த மழை மாதங்களிலும் நான் போய்க்கொண்டிருந்தேன். ஓர் இரவு, அம்மா தன் அண்ணனோடு தொலைபேசியில் பேசுவது அறைக்குள் கேட்டது. "இல்லண்ணே... இவ கூப்புடுறா, பஸ்ஸுல ஆளுங்க எறங்குறாங்களாம்... ஆமா, ஏரிதான்... கெணறு இருக்கட்டும்ணே, எங்க போயிரப் போவுது?"

அடுத்த நாள் மாலை அப்பாவும் நானும் படியேறி வந்தபோது, மூலையில் மூட்டை இல்லை. பெரிய பாத்திரங்கள் குசினிச் சுவரில் கவிழ்ந்திருந்தன. எட்டுச் சுற்றுக் கயிறு பின்புறத்தில், பலாமரத்திலிருந்து சுவராணி வரை, இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அதில் அப்பாவின் இரண்டு காக்கிச் சட்டைகள் தொங்கின.

அப்பா வழக்கம்போல் துவைகல்லில் ஏறினார். இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏய், ஏரி தெரியலயே!"

"அதான் தெனமும் சுத்திப் பாத்துட்டுத்தானே வர்றீங்க," என்றார் அம்மா குசினியிலிருந்து. "துணி காயட்டும்."

நாங்கள் பிறகு அந்த வீட்டிலிருந்து வேறு வீட்டுக்கு மாறினோம். அங்கே யன்னலைத் திறந்தாலே ஏரி தெரிகிறது. ஆயினும் கண்டி என்று யாராவது சொன்னால் என் கண்ணில் முதலில் தெரிவது, ஏரி இருக்க வேண்டிய இடத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருந்த அந்த இரண்டு காக்கிச் சட்டைகள்தான்.